காப்பிரைட் கிளைம் வந்தால் வீடியோவை டெலீட் பண்ணிடணுமா?

கேள்வி: 16 ஏப்ரல் 2025, மாலை 6.12

எங்க ஊர் பங்குனி உத்திரம் சாமி புறப்பாடு வீடியோ போட்டேன். 11 நிமிஷம். மறுநாளே காப்பிரைட் கிளைம்னு யூடியூப்லேருந்து மெயில். மூணு வந்தா சேனலே போயிடும்னு ஃப்ரெண்டு சொல்றான். டிஸ்கிரிப்ஷன்ல "இசை உரிமை அதன் உரிமையாளர்களுக்கே"ன்னு போட்டுத்தான் இருந்தேன். பேசாம டெலீட் பண்ணிடவா? 640 சப்ஸ்கிரைபர் சேர்க்க ரெண்டு வருஷம் ஆச்சு.

16 ஏப்ரல், இரவு 9.50

டெலீட் பண்ணாதீங்க. முதல்ல அந்த மெயிலைத் திரும்பப் படிங்க. கிளைம்னு இருக்கா, ஸ்ட்ரைக்னு இருக்கா?

உங்க ஃப்ரெண்டு சொல்வது ஸ்ட்ரைக்கின் கதை. உரிமைக்காரர் முறைப்படி புகார் எழுதி, வீடியோ இறக்கப்பட்டு, 90 நாளுக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் சேனல் போகும். கிளைம் அப்படி இல்லை. கன்டென்ட் ஐடி என்று ஒரு இயந்திரம், 2007லிருந்து ஓடுகிறது. பெரிய கம்பெனிகள் தங்கள் பாட்டையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருக்கும். நாம் போடும் ஒவ்வொன்றையும் அது அதோடு ஒத்துப் பார்க்கும். பொருந்தினால் வீடியோவை மறைக்கலாம், விளம்பரக் காசை அவர்கள் பக்கம் திருப்பலாம், இல்லையென்றால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சும்மா எண்ணிக்கொண்டிருக்கலாம். எது என்பது உரிமைக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்ததைப் பொறுத்தது. சேனல் பேரில் கரும்புள்ளி விழாது.

640 சப்ஸ்கிரைபருக்கு விளம்பரக் காசே கிடையாது. இல்லாத காசை யார் எடுத்துக்கொண்டால் என்ன, தூங்குங்க.

16 ஏப்ரல், இரவு 10.05

அந்த "உரிமை உரிமையாளர்களுக்கே" வரியைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஒரு பிரயோசனமும் இல்லை. பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு, "மரம் அவங்களுதுதான்" என்று சீட்டு எழுதி வைக்கிற மாதிரி. கேஸ் என்று வந்தால் அதுவே நம் வாக்குமூலம்.

பாட்டு 30 நொடிக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் இதே ரகம். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஒரு தாய், சமையலறையில் குழந்தை ஆடுவதை எடுத்து 2007ல் யூடியூபில் போட்டார். பின்னால் ஏதோ பாட்டு சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. வீடியோ மொத்தமே 29 நொடி. பெரிய இசை நிறுவனம் ஒன்று புகார் கொடுத்து இறக்கியது. அந்தம்மா விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். புகார் அனுப்பும் முன் அது சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடா என்று யோசித்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015ல். எட்டு வருஷம். குழந்தை அதற்குள் நாலாங்கிளாஸ் போயிருக்கும்.

17 ஏப்ரல், காலை 7.30

மூன்று பேர் "உனக்கெப்படித் தெரியும்" என்று கேட்டுவிட்டார்கள். அடிபட்டுத்தான்.

எங்கள் மாமா கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயிலில் நாயனம் வாசிப்பவர். கேமரா, சேனல், கமெண்டுக்குப் பதில் எல்லாம் நான். 2022ல் ஒரு திருவிழா இரவு, 38 நிமிட வீடியோ ஒன்று போட்டேன். மூன்றாம் நாள் கிளைம். பொருந்திய இடம் என்று போட்டிருந்தது 0:00 முதல் 0:41 வரை. போட்டுப் பார்த்தேன். அந்த 41 நொடியில் மாமா வாசிக்கவே இல்லை. நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டிருக்கிறார். தவில்காரர் விரல்களில் கூட்டை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார். ஓர் ஆயா குறுக்கே நடந்து போகிறது. சத்தம் என்று இருந்தது ஸ்ருதிப்பெட்டி மட்டும்தான்.

ஸ்ருதிக்காக ஒத்துக்குழல் ஊத ஆள் கிடைக்காமல் இந்தப் பெட்டிக்கு மாறி வருஷக்கணக்காச்சு. அதே மாதிரிப் பெட்டியை ஓடவிட்டு யாரோ ஒரு பக்தி ஆல்பம் பதிவு செய்து, ஏஜென்ட் வழியாகக் கன்டென்ட் ஐடிக்குள் தள்ளியிருக்கிறார்கள். ஆக, ஸட்ஜமே, அதாவது "ஸ" என்கிற ஸ்வரமே, அவர்களுடையது. மாமாவிடம் சொன்னேன். "பஞ்சமத்தையாவது விட்டு வச்சிருக்கானா மாப்ளே?" என்றார்.

டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபணை, போட்டேன். எதிராளிக்கு 30 நாள். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் கிளைம் தானாக விழும். யாரும் சொல்லவில்லை, விழுந்தது. அவர்கள் "இல்லை, எங்களுடையதுதான்" என்று நிராகரித்தால் நாம் அப்பீல் போகலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். எந்தக் கட்டத்திலும் அவர்கள் முறைப்படி புகார் எழுதி வீடியோவை இறக்கினால் ஸ்ட்ரைக் வரும். அதாவது நம் பக்கம் நியாயம் இருந்தால்தான் டிஸ்ப்யூட் போடணும், அப்பீலுக்கு இன்னும் கொஞ்சம் யோசித்துக் கால் வைக்கணும். காசு வருகிற சேனலாக இருந்தால் கிளைம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டுவிடுங்க, முதல் நாளிலிருந்து வரும் காசை யூடியூப் தனியே நிறுத்தி வைக்கும், ஜெயித்தவருக்குக் கொடுக்கும்.

17 ஏப்ரல், இரவு 8.15

ஒரு வக்கீல் நண்பர் தனிச்செய்தியில் சொன்னது: கோயில் சடங்கில் வாசிப்பதற்கு நம் 1957 காப்பிரைட் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 52வது பிரிவு. கல்யாண ஊர்வலம்கூட அதில் அடக்கம். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாக நினைவுபடுத்தியது, கல்யாண மண்டபத்தில் வந்து ராயல்டி கேட்டு மிரட்டுகிறார்கள் என்ற புகார் அதிகமானதால். ஆக தம்பி, உங்கள் சாமி புறப்பாடு அப்பீல் வரை தாங்கும்.

18 ஏப்ரல், காலை 6.40

நேற்று இரவு எழுதியதை அப்படியே நம்பாதீங்க. படுத்த பிறகுதான் உறைத்தது. விலக்கு இருப்பது வாசிப்பதற்கு. வீதியில் சாமி முன்னால் என்ன வாசித்தாலும் யாரும் கேட்க முடியாது. அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது தனிக் காரியம், அந்த விலக்கு அங்கே கூடவே வந்து நிற்காது. வக்கீல் நண்பரிடமும் கேட்டேன். "நீ கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன், நீ அப்லோட் பத்திக் கேக்கலையே" என்கிறார். வக்கீல்.

19 ஏப்ரல், மாலை 5.20

தம்பி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினதுக்கு அப்புறம் கதையே மாறிடுச்சு. பொருந்தியது நாயனம் இல்லை, 6:20லிருந்து 7:45 வரை தெருமுனை மைக் செட்டில் ஓடிய சினிமாப் பாட்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு யாராவது எண்ணெய் ஊற்றி உட்கார வைக்கக்கூடாதா, சாமி தேரடி திரும்பும்போதா அதைப் போடுவது.

இதில் டிஸ்ப்யூட் போடுவதற்கு ஒன்றும் இல்லை. பாட்டு அவர்களுடையதுதான். வேண்டுமானால் அப்படியே விட்டுவிடலாம். இல்லையா, யூடியூப் ஸ்டுடியோவுக்குள்ளேயே போய் அந்தத் துண்டை வெட்டலாம், மௌனமாக்கலாம். பாட்டை மட்டும் அழிக்கிற வசதியும் இருக்கிறது. நான் அதை ஒருமுறை தொட்டேன். பாட்டோடு சேர்ந்து தவிலின் வலந்தலை ஓசையும் போய், ஆள் கையை ஆட்டுகிறார், சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. ஒன்றரை நிமிஷம் வெட்டிவிடுங்க. எவருக்கும் தெரியாது.

கேமராவைத் திருப்பினாலும் காது திரும்பாது என்பது திருவிழாவில் படம் எடுப்பவர்களுக்குப் பெரிய தொந்தரவு. ஃபேஸ்புக் நேரலையில் இன்னும் மோசம், ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தைப் பிடுங்கிவிடும்.

20 ஏப்ரல், மதியம் 1.10

இடையில் இரண்டு சண்டை ஓடுகிறது, இரண்டுக்கும் ஒரே பதிவில்.

காப்புரிமை என்று எழுதியவரை இன்னொருவர் "அது பேட்டன்டுக்கு, இதற்குப் பதிப்புரிமை" என்று திருத்தியிருக்கிறார். சரிதான். ஆனால் பதிப்புரிமை என்றால் எங்கள் ஊரில் புத்தகக் கடைக்காரர் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார். நான் காப்பிரைட் என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

அடுத்தது இளையராஜா. 2017ல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, தன் பாடல்களை அனுமதி இல்லாமல் பாடக்கூடாது என்று நோட்டீஸ் போனதே, அதற்கு யார் பக்கம் நியாயம் என்று 40 பதிவு. அந்த விவாதத்துக்கு வேறு இழை தொடங்குங்க, நான் வரமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர், பதிவுக்குக் காசு போட்டவர், நாலு பேருக்கும் நாலு தனி உரிமை. காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு படத்தில் வேலை செய்த பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடவே முடியாது. "காசு வாங்கிட்டாருல்ல, அப்புறம் என்ன" என்று ஆரம்பிக்கிறவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

23 ஏப்ரல், இரவு 11

ஸ்ருதிப்பெட்டிக் கதையை நம்பாதவருக்கு. 2018ல் ஒரு பியானோ கலைஞர், பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் இசையை வீட்டில் வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 நொடி ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று முடக்கினார்கள். பாக் செத்தது 1750ல். அதே வருஷம் இன்னொன்றும் வெளியே வந்தது: ஒருவர் 10 மணி நேரத்துக்கு வெறும் இரைச்சல், மழை மாதிரி "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு வீடியோ போட்டிருந்தார். அதற்கு ஐந்து கிளைம். ஒவ்வொரு கிளைமும் அந்த "ஸ்ஸ்ஸ்" என்னுடையது என்கிறது.

தியாகராஜர் காலமானது 1847. கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு சொந்தம், வெளியான வருஷம் போக 60 ஆண்டுக்கு. இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே கீர்த்தனையை ஒரே ஸ்ருதியில் ஒழுங்காக வாசித்தால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பாடாந்தர சுத்தம், அதாவது குரு சொல்லிக்கொடுத்தது பிசகவில்லை என்று பாராட்டு மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

2 மே, காலை 9.15

அப்பாவிடமிருந்த இசைத்தட்டுகளை டிஜிட்டல் ஆக்கிப் போடலாமா என்று கேட்டவருக்கு. 60 ஆண்டுக் கணக்கை நீங்களே போடலாம். நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956 டிசம்பரில். அவர் இருக்கும்போது வெளிவந்த தட்டு எதுவாக இருந்தாலும் 2016 கடைசியோடு இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை தீர்ந்துவிட்டது. 1964 வரை வெளியான தட்டுகளும் 2025 ஜனவரியோடு அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால் யூடியூப் அமெரிக்கக் கம்பெனி. அங்கே பழைய ஒலிப்பதிவுகளுக்கு 2018ல் தனிச்சட்டம் போட்டு, 1957லிருந்து 1972 பிப்ரவரி வரையிலானவற்றுக்கு 2067 வரை கூட இழுத்துவிட்டார்கள். அதனால் இங்கே தெரியும், அங்கே மறையும் என்று ஒரு நிலை வரலாம். டிஸ்ப்யூட் போடும்போது தட்டின் வெளியீட்டு ஆண்டைத் தெளிவாக எழுதுங்க, லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. தட்டைச் சும்மா சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. இது காப்பிரைட் சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும்.

11 மே, இரவு 10.30

இன்றைக்கு என் முறை. மாமா வீடியோவை ஒருத்தன் திருடிப் போட்டிருக்கிறான். அதே 2022 வீடியோ, நான் மேலே எழுதினேனே. அதில் 4 நிமிஷம் தவில் தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டி, எங்கள் சேனல் பெயர் தெரிகிற மூலையை ஜூம் பண்ணி மறைத்து, 3 லட்சம் பார்வை. எங்களுடைய ஒரிஜினலுக்கு மூன்று வருஷத்தில் 9,000.

வாட்ஸாப்பில் யாரோ அனுப்பித்தான் எனக்கே தெரிந்தது. கை நடுங்கியது. புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். 7 நாள் அவகாசம் கொடுத்து எச்சரிக்கிற மாதிரியும் அனுப்பலாம், உடனே இறக்கச் சொல்லியும் அனுப்பலாம். உடனே என்பதைத்தான் அழுத்தினேன். இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. இத்தனை நாள் அடி வாங்கியவனுக்கு ஒரு நாள் அடிக்கக் கிடைத்தது, பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

12 மே, இரவு 9

மேலே உள்ள பதிவை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

காலையில் ஒரு போன். புகார் கொடுத்தவர் பெயரை யூடியூப் எதிராளிக்குக் காட்டும், அதை வைத்துப் பிடித்திருக்கிறான். "அண்ணே, நீங்கதானா? எங்க அப்பா வாசிச்சதுதானேண்ணே அது?"

தவில்காரரின் மகன். விரலில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார் என்று எழுதினேனே, அவருடைய மகன். பாலிடெக்னிக் படிக்கிறான். அப்பாவின் தனியை வெட்டி, மேலே அப்பா பெயரைப் பெரிதாகப் போட்டு ஏற்றியிருக்கிறான். நான் அந்தப் பெயரைப் படிக்கக்கூட இல்லை. பார்த்தது பார்வை எண்ணிக்கையைத்தான். எங்கள் சேனலில் அந்த வீடியோவின் தலைப்பில் இருப்பது மாமா பெயர். தவில் யார் என்று தலைப்பிலும் இல்லை, கீழேயும் இல்லை. எழுதியது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணக் கச்சேரி சன்மானத்தில் மாமாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு, அவர் மாமாவின் செட்டை விட்டே போய்விட்டார். இப்போது ஊரில் எதிரெதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஆக, அந்த வீட்டில் இது என்னவாகத் தெரியும்? போட்டிக்கு மருமகனை ஏவிவிட்டு வீடியோவை இறக்கிவிட்டார் என்று.

12 மே, இரவு 11.40

புகாரைத் திரும்பப் பெறலாம். ஸ்டுடியோவில் காப்பிரைட் பக்கத்தில், நாம் கொடுத்த புகார்கள் வரிசையாக இருக்கும், அதில் போய் வாபஸ் கொடுக்கணும். கொடுத்துவிட்டேன். பையனின் ஸ்ட்ரைக்கும் போய்விட்டது.

வீடியோ வரவில்லை. ஏன் என்று பார்த்தால், மெயில் வந்த பயத்தில் அவனே அதை டெலீட் பண்ணியிருக்கிறான். டெலீட் பண்ணினால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று யாரோ சொன்னார்களாம். ஸ்ட்ரைக் வந்தபிறகு டெலீட் பண்ணுவதால் ஸ்ட்ரைக் போகாது, வீடியோதான் போகும். இந்த இழையின் முதல் வரியிலேயே அதைத்தான் எழுதினேன், யாருக்கோ. 3 லட்சம் பார்வையும், கீழே இருந்த அத்தனை கமெண்டும் போயே போச்சு. மலேசியாவிலிருந்து யாரோ, "இவர் வாசிச்சுத்தான் எங்க அக்கா கல்யாணம் நடந்துச்சு" என்று எழுதியிருந்தாராம். அதை அப்பாவுக்கு நாலு தடவை படித்துக் காட்டினானாம்.

14 மே, காலை 8

"சட்டப்படி உங்க மேல தப்பு இல்லையே" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு. வக்கீல் நண்பரிடம் இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன், அப்லோடையும் சேர்த்து.

கேமரா என்னுடையது, பதிவுக்கு முயற்சி எடுத்தவன் நான், அதனால் அந்தப் பதிவு என்னுடையது என்று வாதாடலாம். அதேசமயம், வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, 38வது பிரிவு, 50 வருஷம். அவர் வாசிப்பதைப் பதிவு செய்யவும் பரப்பவும் அவர் சம்மதம் வேண்டும். நான் யாரிடமும் கேட்டதில்லை. மாமாவிடம்கூடக் கேட்டதில்லை, அவர் மாமா என்பதால். தவில்காரர், தாளம் போட்ட பையன், யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப புகார் கொடுக்க வேண்டியது யாரு?" என்றேன்.

"அவர்தான். உன் மேல."

மாமாவிடம் போய்ச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து சீவாளிகளை நூல் கட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அன்னிக்கு ராத்திரிக்கு 1,500 எண்ணிக் குடுத்தேன். என்ன உரிமை பாக்கி?" அது கோயிலில் வாசித்ததற்கு, செல்போனில் உலகம் முழுக்க ஓடுவதற்கு இல்லை என்றேன். "உனக்கு நான் குடுத்தேனா, எனக்கு நீ குடுத்தியா அதுக்கு?" என்றார். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லைதான். மூன்று வருஷத்தில் சேனலில் வந்த காசு மொத்தமும் மைக்குக்குப் போனது.

ஏப்ரல் 20ஆம் தேதிப் பதிவில் "காசு வாங்கிட்டாருல்ல என்கிறவர்கள்" என்று நக்கலாக எழுதியிருந்தேன். சினிமாக்காரர்களை நினைத்து எழுதியது.

20 மே, இரவு 10.10

அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது தவில்காரர்தான். நான் ஆரம்பிப்பதற்குள், "டீ சாப்புடுறியா தம்பி?" என்றார். பேசவிடவே இல்லை. கூடத்தில் தவில் உறைக்குள் இருந்தது, மேலே துணிமூட்டை. செட்டை விட்ட பிறகு தனியாகக் கூப்பிடுகிறவர்கள் குறைவாம்.

பென் டிரைவில் அந்த இரவின் ஒரிஜினல் கோப்பு முழுசையும் கொண்டுபோயிருந்தேன், யூடியூபில் நசுங்கியது இல்லை, கேமராவிலிருந்து எடுத்தது. பையன் லேப்டாப்பில் போட்டான். ஆரம்பத்தில் அந்த 41 நொடி. திரையில் அவர் கூடு மாட்டுகிறார். இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் வலது கை விரல்கள் லேசாக மடங்கி விரிந்தன. தனி வந்தபோது இரண்டு இடத்தில் "ப்ச்" என்றார். எங்கே என்று எனக்குப் புரியவில்லை. ஓரிடத்தில் மாமா ஒரு மாதிரி தலையாட்டுவார், அதைப் பார்த்துச் சிரித்தார். "சரியா வாசிச்சா அப்படித்தான் ஆட்டுவான் ஒங்க மாமன். வாயத் தொறந்து சொல்ல மாட்டான்."

பையன் அதே 4 நிமிஷத்தைத் திரும்ப ஏற்றினான். நான் எங்கள் தலைப்பைத் திருத்தினேன், ஏழு பேர் பெயர் இப்போது இருக்கிறது. தாளம் போட்ட பையன் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

21 மே, காலை 7

ஒரு திருத்தம். ஏழு இல்லை, ஆறு. ஸ்ருதிப்பெட்டியையும் சேர்த்து எண்ணிவிட்டேன் போல.

29 மே, மாலை 6.45

செய்தியில் ஓடுவதைப் பார்த்திருப்பீங்க, ஒரு செய்தி முகமை சில நொடிக் காட்சிகளுக்காக ஸ்ட்ரைக் கொடுத்து, எடுக்கப் பல லட்சம் கேட்டதாக வட இந்திய யூடியூபர் ஒருவர் சொல்லியிருக்கிறார். விஷயம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, அதனால் யார் சரி என்று பேசப் போவதில்லை. ஸ்ட்ரைக்கை எடுப்பதற்குக் காசு கேட்பது புதிதல்ல. 2019ல் அமெரிக்காவில் பொய்ப் புகார் கொடுத்துக் காசு பிடுங்கிய ஒருவன் மேல் யூடியூபே வழக்குப் போட்டது, 25,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டான்.

நம் விதிகளிலும் ஒரு பிடி இருக்கிறது. 2013 காப்பிரைட் விதிகள், 75வது விதி. புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும், ஆனால் 21 நாளுக்குள் புகார்க்காரர் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். ஸ்ட்ரைக்கை எதிர்த்து நாம் யூடியூபில் போடும் எதிர்ப்பு மனுவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அங்கே 10 வேலை நாள். எதிர்ப்பு மனுவில் உங்கள் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் எதிராளிக்குப் போகும். பெண்கள் சேனலாக இருந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

8 ஜூன், இரவு 8.30

அவசரம். "உங்கள் பக்கம் காப்பிரைட் மீறியதால் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், மேல்முறையீட்டுக்கு இங்கே அழுத்தவும்" என்று இன்ஸ்டாவில் வந்தால் அழுத்தாதீங்க. பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் பக்கம் போச்சு. எங்கள் தெருவில் பட்டுப்புடவை விற்கும் அக்கா இப்படித்தான் 14,000 ஃபாலோயரை இழந்தார். நிஜப் புகார் என்றால் அந்தந்த ஆப்புக்குள்ளேயே, நம் கணக்கு நிலையைக் காட்டும் பக்கத்தில் தெரியும். மெசேஜில் வந்து "டியர் யூசர்" என்று கொஞ்சாது.

3 ஆகஸ்ட், மாலை 4

முதல் கேள்வி கேட்ட தம்பி ஆடிப்பூரம் வீடியோவோடு திரும்பி வந்திருக்கிறார். இந்தத் தடவை மைக் செட்டுக்காரருக்கு 200 ரூபாய் கொடுத்து அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னாராம். சபாஷ். 200 ரூபாய்க்கு இதைவிட நல்ல சட்ட ஆலோசனை கிடைக்காது.

தவில் வீட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: புது வீடியோ 1,100 பார்வையில் நிற்கிறது. மாமா இன்னும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார். ஆனால் போன வாரம் என் போனை வாங்கி அந்த 4 நிமிஷத்தைப் பார்த்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பையன் வீடியோவுக்கு நேற்று ஒரு கிளைம் வந்திருக்கிறது. 2:08 முதல் 2:31 வரை. ஏதோ தாள வாத்திய ஆல்பமாம். டிஸ்ப்யூட் படிவத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நிரப்பினோம். இன்றோடு ஒரு நாள் ஆகிறது, இன்னும் 29 இருக்கிறது.